கட்டிய படங்கும் திரும்பிய காற்றும்

கிழக்கிலங்கையில் பிறந்தவர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. வைகாசி பிறந்தால் கச்சான் வரும். மலைநாட்டைத் தாண்டி வருகையில் தன் ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, காய்ந்து, சூடேறி, நம்முடைய முற்றங்களில் வந்து விழும். பிற்பகலில் கச்சான் ஓய்ந்து கடற்காற்று எப்போது திரும்பும் என்று எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருந்த நாட்கள் நம் எல்லோருக்கும் உண்டு.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, நாற்பது வயதையும் கடந்து, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவன், உலகின் தென்கோடியில் போய் ஒரு துண்டுப் படங்கைக் காற்றில் கட்டத் தெரியாமல் நின்றான் என்றால் நீங்கள் சிரிக்கக்கூடும். அந்த ஒருவன் நான்தான். சிரிப்புக்குரிய பகுதியோடு அது முடிந்திருந்தால் இதனை எழுதியிருக்கவும் மாட்டேன்.

தெற்குச் சமுத்திரத்தின் ஓரமாக

2023 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் உம்மாவை அழைத்துக்கொண்டு அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் வாழும் என் தங்கையின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். உம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. முழங்கால் வலி. ஹோட்டல் அறைகளில் ஏறி இறங்குவது சிரமம் என்பதனால் மச்சான் ஒரு கேம்பர்வானை வாடகைக்கு எடுத்தார். கேம்பர்வான் என்பது சக்கரம் பூட்டிய சிறு வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே உண்டு. உம்மா விரும்பிய இடத்தில் நிறுத்தி, விரும்பிய நேரத்தில் வுழூச் செய்து தொழலாம். இதைவிட வேறென்ன வேண்டும்?

நாங்கள் சென்ற பாதை 'கிரேட் ஓஷன் ரோட்' எனப்படும் கடலோரப் பாதை. டோர்க்கி என்ற ஊரில் தொடங்கி அலன்ஸ்போர்ட் வரை சுமார் 240 கிலோ மீற்றர். முதலாவது உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் 3000 படைவீரர்கள், 1919 இல் தொடங்கி 1932 வரை, பெரும்பாலும் பிக்காசும் மண்வெட்டியும் கொண்டே மலைச்சரிவில் இதனை வெட்டினார்கள். போரில் மாண்ட தம் தோழர்களின் நினைவாக அமைக்கப்பட்ட பாதை இது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல்.

அந்தக் கடல் நம்முடைய கடலைப் போன்றதல்ல. போர்ட் கேம்பல் என்ற சிற்றூரின் கரையில் நின்று தென்மேற்கே பார்த்தால், அன்டார்டிக்காவின் பனிக்கண்டம் வரை இடையில் நிலமே கிடையாது. அவ்வளவு தூரமும் தடையின்றி ஓடி வரும் காற்றும் அலையும் மோதுவது இந்தச் சுண்ணாம்புக்கல் கரையில்தான். 'பன்னிரு அப்போஸ்தலர்கள்' எனப் பெயர்பெற்ற பாறைத் தூண்களில் ஒன்று 2005 ஜூலை மாதம் சரிந்து விழுந்தது. 'லண்டன் பிரிட்ஜ்' எனப்பட்ட பாறைப் பாலத்தின் கரையோர வளைவு 1990 ஜனவரியில் இடிந்தபோது, அப்பால் நின்ற இருவரை ஹெலிகொப்டர் மூலமே மீட்டார்கள். 1878 இல் 'லொக் ஆர்ட்' என்ற கப்பல் இங்கே மோதி உடைந்தது. அதிலிருந்த 54 பேரில் உயிர் பிழைத்தவர்கள் இருவர் மாத்திரமே.

இவற்றையெல்லாம் பலகைகளில் வாசித்துக்கொண்டே வந்தோம். வாசித்தது வேறு, விளங்கியது வேறு என்பது மறுநாள்தான் தெரிந்தது.

நாலு முளையும் ஒரு பட்டியும்

போர்ட் கேம்பலில் வண்டிகள் தங்குவதற்கென உள்ள புல்வெளி ஒன்றில் நிறுத்தினோம். வண்டியின் இடப்பக்கச் சுவரின் மேலே நீண்ட பெட்டியொன்று பொருத்தப்பட்டிருக்கும். கைப்பிடியைக் கொழுவிச் சுற்றினால் அதற்குள்ளிருந்து துணி விரிந்துகொண்டு வெளியே வரும். அதன் முன்சட்டத்திலிருந்து இரண்டு கால்களை இறக்கி நிலத்தில் ஊன்ற வேண்டும். அங்குள்ளவர்கள் இதனை 'ஓனிங்' என்கிறார்கள். நம்முடைய கடைகளின் முன்னால் வெயிலுக்குக் கட்டும் படங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அளவு மூன்று மீற்றர் நீளம், இரண்டரை மீற்றர் அகலம்.

அடுத்த நாள் காலையிலேயே வடக்கிலிருந்து அனல் காற்று தொடங்கிவிட்டது. அங்கே வடக்குத்தான் பாலைவனத் திசை. நடுப்பகல் சூரியனும் வடக்கே நிற்கும். வெப்பம் 38 பாகை. அன்று திறந்த வெளியில் நெருப்பு மூட்டவும் தடை விதிக்கப்பட்டிருந்தது. மச்சான் வண்டியின் முகப்பை மேற்கு நோக்கித் திருப்பி நிறுத்தினார். அப்போது படங்கு தெற்குப் பக்கம் விரியும். வண்டியே சுவர் போல நின்று வடகாற்றை மறைக்கும். கிப்லாவும் மேற்கே சற்று வடக்குச் சாய்வாக இருந்ததனால் எல்லாம் பொருத்தமாகவே பட்டது.

படங்கை நானே கட்டினேன். கால்களின் பாதங்களில் இரண்டிரண்டாக நான்கு முளைகளை நேர் செங்குத்தாக இறக்கினேன். துணியின் மேலால் ஒரு பட்டியைப் போட்டு, அதன் இரு முனைகளையும் வேறு இரண்டு முளைகளில் விறைப்பாக இழுத்துக் கட்டினேன். தட்டிப் பார்த்தால் மத்தளம் போல் ஒலித்தது. உம்மா அதன் கீழே பாய் விரித்து லுஹரைத் தொழுதுவிட்டு, தங்கையின் நான்கு வயது மகளை அணைத்துக்கொண்டு படுத்திருந்தார். வடக்கே மரங்கள் தலைவிரித்து ஆடின. படங்கின் கீழே இலையும் அசையவில்லை. என் கட்டின் பெருமையை நானே மெச்சிக்கொண்டேன்.

காற்று திரும்பியது

பிற்பகல் மூன்று மணியளவில் மரங்களின் ஆட்டம் நின்றது. ஒரு வகையான அமைதி. உம்மா எழுந்து அமர்ந்து முகத்தைக் கடல் பக்கம் திருப்பினார்.

"கச்சான் நிண்டு போச்சி. காத்துத் திரும்பப் போகுது. இதச் சுத்தி வைங்க மகன்."

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"ஆறு முளை அடிச்சி, பட்டியும் போட்டிருக்கன் உம்மா. கட்டியாச்சி. இனித் தவக்குல்தான்."

உம்மா ஒன்றும் பேசவில்லை. பிள்ளைக்கு விசிறத் தொடங்கினார்.

பத்து நிமிடம் சென்றிருக்காது. கடலுக்கு மேல் கறுத்த கோடொன்று தெரிந்தது. அடுத்த மூச்சில் தென்மேற்கிலிருந்து குளிர்காற்று வந்து அறைந்தது. அதுவரை எங்களை மறைத்த வண்டிச் சுவர் இப்போது எமக்கு எதிராக மாறிவிட்டது. தெற்கே வாய் திறந்திருந்த படங்குக்குள் காற்று நுழைந்தது. பின்னால் சுவர், மேலே துணி. வெளியேற வழியில்லாத காற்று துணியை மேலே தூக்கியது. கடற்பக்கத்துக் காலின் இரண்டு முளைகளும் தளர்ந்த மண்ணிலிருந்து பிடுங்கி எழுந்தன. அலுமினியக் கால் மனிதத் தலையின் உயரத்தில் இங்குமங்கும் வீசத் தொடங்கியது. அதன் கீழே உம்மாவும் பிள்ளையும்.

வாசகர்களே, அந்த வேளையில் நான் எதனைப் பிடித்தேன் தெரியுமா? காலைத்தான் பிடித்தேன். படங்குக்கு வரும் சேதம் காப்புறுதியில் அடங்காது என்று வாடகைப் பத்திரத்தில் படித்தது நினைவில் இருந்தது. உம்மாவால் முழங்காலை ஊன்றி எழ முடியவில்லை என்பது நினைவில் இருக்கவில்லை.

பக்கத்து வண்டியிலிருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் ஓடி வந்து முன்சட்டத்தில் முழு உடம்பாலும் தொங்கினார். "அதை விடு! முதலில் அம்மாவை எடு!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். அப்போதுதான் எனக்குச் சுய உணர்வு வந்தது. தங்கை பிள்ளையை வாரியெடுக்க, நான் உம்மாவை இரு கைகளாலும் தூக்கி வண்டிக்குள் சேர்த்தேன். குளிக்கப் போயிருந்த மச்சானும் ஓடி வந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நான் இழுத்துக் கட்டிய பட்டி மாத்திரம் கடைசி வரை அறுபடவில்லை. அது அறுபடாததனால்தான் படங்கைத் தாங்கும் இரும்புக் கை வளைந்து போயிருந்தது.

கிழவர் கற்றுத் தந்தவை

அரை மணி நேரத்தில் வெப்பம் பதினைந்து பாகைக்கு மேல் இறங்கிவிட்டது. போர்வை தேடினோம். காற்று சற்றுத் தணிந்த பின் அந்தக் கிழவர் என்னை அழைத்து, நான் அடித்த முளைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். இத்தகைய வண்டியில் பல வருடம் திரிந்தவர் அவர். அவர் சொன்னவற்றையும் பின்னர் நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்துத் தருகிறேன். நம்மூரில் கல்யாணப் பந்தல் போடுபவர்களுக்கும் கடை முன்னால் படங்கு கட்டுபவர்களுக்கும் இவற்றில் பல பொருந்தும்.

முளையைச் செங்குத்தாக அடிக்கக் கூடாது. அதன் தலை படங்கை விட்டு வெளிப்புறமாகச் சாயும்படி, ஏறக்குறைய 45 பாகையில் இறக்க வேண்டும். அப்போது கயிறு இழுக்கும்போது முளை மண்ணின் முழுப் பலத்தோடும் எதிர்த்து நிற்கும். நேராக அடித்ததோ மேலே இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். கயிறும் காலோடு ஒட்டி நேர்கீழே இறங்காமல், சற்று எட்டத் தள்ளி விரிந்து போக வேண்டும். இறுகிய தரைக்கு ஒல்லியான முளை போதும். மணலுக்கு நீளமானதும் அகலமானதும் வேண்டும். அதுவும் பிடிக்காத மணலில், ஒரு பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி ஆழமாகப் புதைத்துவிட்டால் அது எந்த முளைக்கும் குறைந்ததல்ல.

மேலால் போடும் பட்டிக்கும் முளைக்கும் இடையில் ஒரு ஸ்பிரிங்கைக் கோர்க்க வேண்டும். காற்று ஒரே அளவாக வருவதில்லை. அடித்து அடித்து வருகிறது. ஸ்பிரிங் இருந்தால் அடியை வாங்கி நெகிழ்ந்து மீண்டும் நிமிரும். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியும் முளைக்குப் போகும். முளை நின்று பிடித்தால் வண்டியில் பூட்டிய கைக்குப் போகும். கட்டு பலமாக இருந்தால் பாரம் மறைந்துவிடுவதில்லை, அது வேறிடம் தேடிப் போகிறது. என்னுடைய வளைந்த இரும்புக் கை அதற்குச் சாட்சி.

கால்களில் ஒன்றைச் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும். அப்போது மழைநீர் ஒரு பக்கமாக வழிந்துவிடும். இல்லையேல் துணியில் குளம் கட்டி அந்தப் பாரமே சட்டத்தை முறிக்கும். காற்று நாட்களில் இரண்டு கால்களையும் தாழ்த்தினால் காற்று நுழையும் வாயும் சிறுக்கும். துணி படபடவென்று அடிப்பதையும் அலட்சியம் செய்யக் கூடாது. அந்தப் படபடப்புத்தான் தையலைப் பிரிக்கிறது. துணியின் ஓரத்தைச் சட்டத்தோடு கவ்விப் பிடிக்கும் கிளிப்புகள் இதற்கென்றே இருக்கின்றன.

ஆனால் அவர் கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிது. இவையெல்லாம் மெல்லிய காற்றுக்கும் மிதமான காற்றுக்கும் உரியவை. பலத்த காற்றுக்கு ஒரே வழி, சுருட்டி வைப்பது. படங்கை விரித்தபடி விட்டு வெளியே போகவும் கூடாது, அதன் கீழிருந்து எழுந்து போய் உள்ளே தூங்கவும் கூடாது.

இதன் காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழரை சதுர மீற்றர் துணியை, மணிக்கு 36 கிலோ மீற்றர் வேகக் காற்று நேருக்கு நேர் தள்ளினால் ஏறக்குறைய 47 கிலோ பாரம். இரண்டு பேர் பிடிக்கலாம். காற்றின் வேகம் 72 ஆகும்போது பாரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. ஏறக்குறைய 190 கிலோ. அதனை எந்த மௌலவியாலும் பிடிக்க முடியாது. மேலும், வானிலை அறிவிப்பில் சொல்லப்படுவது சராசரி வேகம். இடையிடையே வரும் வீச்சு அதனைவிட 40 சதவீதம் கூடுதலாக இருக்கலாம்.

சுருட்டுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கீழே இருப்பவர்களை அப்புறப்படுத்த வேண்டும். பிறகு காலுக்கு ஒருவராக இருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் பின்னரே முளைகளைப் பிடுங்க வேண்டும். காற்று வரும் பக்கத்துக் கட்டைக் கடைசியாக அவிழ்க்க வேண்டும். மழையில் நனைந்ததைச் சுருட்டியிருந்தால், அடுத்த வெயிலில் விரித்துக் காய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

அந்தக் கரையில் வெயில் காலத்து வடகாற்று இப்படித் திடீரென்று தென்மேற்காகத் திரும்புவது யாவரும் அறிந்த விஷயம் என்றும் அவர் சொன்னார். 1983 பெப்ரவரி 16 ஆம் திகதி மூண்ட பெரும் காட்டுத் தீயைப் பற்றியும் குறிப்பிட்டார். வடகாற்றில் நீளமாக ஓடிய நெருப்பின் பக்கவாட்டு முழுவதும், காற்று திரும்பியதும் ஒரே முகமாக மாறிப் பாய்ந்தது. விக்டோரியா மாநிலத்தில் மாத்திரம் 47 உயிர்கள் போயின. நாங்கள் கடந்து வந்த பாதையோர ஊர்கள் சிலவும் அதில் எரிந்தவைதான். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று மட்டும் பார்த்து வண்டியை நிறுத்தினால் போதாது, அடுத்து எங்கே திரும்பும் என்றும் பார்க்க வேண்டும் என்றார்.

உம்மா சொன்ன கதை

அன்றிரவு வண்டி தொட்டில் போல் ஆடிக்கொண்டிருந்தது. தூக்கம் வராத எரிச்சலில் தங்கை காற்றைத் திட்டினாள். "காத்த ஏசப்படாது மகள். அதுவும் ஏவினபடிதான் வருகுது" என்றார் உம்மா. நபி (ஸல்) அவர்கள் தடுத்த விடயம் அது. நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியதை உம்மா சொன்னார்.

பிறகு 1978 சூறாவளியைப் பற்றிப் பேசினார். நவம்பர் 23 ஆம் திகதி. நான் அப்போது பிறக்கவில்லை. அன்று பின்நேரம் மூத்தாப்பா கிடுகுக் கூரையின் மேலால் கயிறு போட்டு முற்றத்துத் தென்னையில் கட்டினாராம்.

"கயிறு அறுபடல்ல. தென்னதான் சாஞ்சிச்சி. சாஞ்ச தென்ன கூரையயும் இழுத்துக்கிட்டுப் போச்சி."

"அப்ப நீங்க எல்லாரும்?" என்று மச்சான் கேட்டார்.

"நாங்க வீட்டுக்குள்ள இருக்கல்ல. கயித்தக் கட்டி முடிச்ச கையோட வாப்பா எங்கள ஒண்ணு, ரெண்டு எண்டு ஆறு பேரையும் எண்ணி, கல்லுப் பள்ளிக்குக் கூட்டிப் போயிட்டாரு. கூரையத் திரும்பியும் பாக்கல்ல."

உம்மா என்னைப் பார்த்து அதனைச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கவா என்று வினவியவருக்கு, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. இதனை எத்தனையோ வகுப்புகளில் நான் விளக்கியிருக்கிறேன். சோம்பேறிகளுக்கு எதிரான ஆதாரமாகவே எப்போதும் விளக்கினேன். கட்டி முடித்தவனுக்கும் அதில் பாடம் உண்டு என்று நினைத்ததில்லை. அன்று பிற்பகல் நான் சொன்ன 'தவக்குல்' உண்மையில் தவக்குல் அல்ல. எழுந்து போய்க் கைப்பிடியைச் சுற்றுவதற்கு அலுப்பு. கட்டிய கைக்குப் பெருமை. பெற்ற தாயின் எச்சரிக்கையை ஒரு நல்ல சொல்லைக் கொண்டு வாயடைத்தேன். மூத்தாப்பாவும் கட்டினார்தான். ஆனால் தம் கட்டின் மேல் அவருக்குப் பெருமை இருக்கவில்லை. அதனால் அவரால் பிள்ளைகளை எண்ண முடிந்தது.

மிகுதி மூன்று நாட்களும் வளைந்த கையைச் சரிசெய்து, படங்கை விரித்தோம், சுருட்டினோம், மீண்டும் விரித்தோம். முளைகளைச் சாய்த்து அடித்தேன். பட்டிக்குக் கிழவர் தந்த இரண்டு ஸ்பிரிங்குகளைக் கோர்த்தேன். உம்மா கடல் பக்கம் முகத்தைத் திருப்பினாலே போதும், எவர் சொல்லாமலும் கைப்பிடியை எடுத்துவிடுவேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது இரும்புக் கைக்கான நட்டத்தை மச்சான் கட்டினார். என்னிடம் அவர் வாங்க மறுத்துவிட்டார்.

ஊர் திரும்பிய பின் அந்த ஹதீஸ் மறுபடியும் பாடத்தில் வந்தது. ஒட்டகத்தைக் கட்டியவர் அதன் பிறகு என்ன செய்திருப்பார் என்று மாணவர்களைக் கேட்டேன். பலரும் பல பதில் சொன்னார்கள். பின்வாங்கிலிருந்த ஒரு சிறுவன், "இடைக்கிடை வந்து கட்டைப் பார்த்திருப்பார் ஹஸ்ரத்" என்றான். அவனுக்கு முழுப் புள்ளியும் கொடுத்தேன்.